நாடகத் தலைமை ஆசிரியர்

கலைஞன் பிறர் உள்ளத்தில் உணர்ச்சியை எழுப்ப வல்லவன். தொல்காப்பியர் எட்டாக வகுத்த மெய்ப்பாடுகளையும் மேடைமீது காட்டுதல் நடிகனது தொழில். எனினும், உணர்ச்சியைக் காட்டுதல் வேறு. அதனை அறிந்து ஆளுதல் வேறு. தன் உள்ளத்தை அடக்கவும் பிறர் உள்ளத்தை உணரவும் அறியாத கலைஞன் தனக்குப் புகழ் தேடிக்கொள்ளலாம். ஒரு குழுவை நடத்துதல் அவனுக்கு இயலாது. பீட்டர் சலோவி, ஜான் மேயர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இருவர் 1990ஆம் ஆண்டில் இவ்வாற்றலை ஆராய்ந்து விளக்கினர். அதனை இன்று ‘மனவெழுச்சி நுண்ணறிவு’ என்பர். பெயர் புதிது, பொருள் நமக்குப் புதிதன்று. சங்கரதாச சுவாமிகளின் வாழ்வே இதற்குச் சான்றாகும்.

சுவாமிகள் 1867ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தமிழ் நூல்களைக் கற்றுத் தேர்ந்தபின் நாடகத் துறையிற் புகுந்தார். எமன், சனீசுவரன் முதலிய வேடங்களில் அவர் தோன்றுங்கால் அவையோர் நடுங்குவர். ஒருகால், கருவுற்றிருந்த பெண்ணொருத்தி அவரது கொடிய கோலத்தைக் கண்டு அஞ்சியமையால் பெருந்துன்பம் நேர்ந்தது என்பர். அவ்வச்சத்தைத் தம் திறமைக்குக் கிடைத்த பாராட்டென்று கருதி அவர் மகிழ்ந்திருக்கலாம். அல்லது, அஞ்சியது அவள் பிழையென்று வாளா இருந்திருக்கலாம். அவரோ வேடம் புனைதலையே விடுத்தார். அன்றுமுதல் நாடகம் எழுதுதலும் நடிகரைப் பயிற்றுதலுமே அவர்தம் பணியாயின.

அக்காலத்து நடிகருள் சிலர் திறமை மிக்கவர்; ஆயின் ஒழுங்கிற்கு அடங்காதவர். மேடையிலேயே ஒருவரையொருவர் வெல்ல முயன்று, கதையை மறந்து வாதிடுவர். தன்னை அடக்காத திறமை நாடகத்தையே கெடுக்கும் என்பதைச் சுவாமிகள் கண்டார். இளமையிலேயே பழக்கத் துணிந்து, 1918ஆம் ஆண்டில் மதுரையில் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை’ என்னும் சிறுவர் குழுவைத் தொடங்கினார்.

அக்குழுவிற் சேர்ந்த சிறுவருள் டி. கே. சண்முகமும் ஒருவர். அவர் 1912ஆம் ஆண்டிற் பிறந்தவர். அச்சிறுவரின் ஆற்றலை உணர்ந்த சுவாமிகள், அவர் நடிப்பதற்கென்றே ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர். நாடகத்துக்கு ஏற்ற நடிகனைத் தேடுதல் உலக வழக்கு. சுவாமிகளோ சிறுவனுக்கு ஏற்ற நாடகத்தையே படைத்தார். பிறரிடம் ஒளிந்திருக்கும் ஆற்றலை, அவர் அறியுமுன்பே தான் அறிந்து, அதற்கு இடம் அமைத்துத் தருதலே தலைமையாம்.

சுவாமிகள் 1922ஆம் ஆண்டில் புதுச்சேரியில் மறைந்தார். சண்முகமும் உடன்பிறந்தோரும் 1925ஆம் ஆண்டில் தாமே ஒரு குழுவை அமைத்து, நெடுங்காலம் நாடகத்தமிழை வளர்த்தனர். ஆசிரியரிடம் கற்றது நடிப்பு மட்டுமன்று என்பதை அது காட்டிற்று. சண்முகம் தம் ஆசிரியரைத் ‘தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர்’ என்று போற்றினார்.

மாணவர்களே! பள்ளி விழாவில் உங்களுக்கு அரசன் வேடம் கிட்டலாம். அப்போது திரைக்குப் பின்னே நின்று தன் முறைக்காக நடுங்கும் தோழனையும் ஒருகணம் நோக்குங்கள். அவன் தோளைத் தொட்டு அச்சத்தை நீக்குவீராயின், அன்றே நீங்கள் தலைமைக்குரிய முதற்பாடத்தைக் கற்றவராவீர்.