வட்ட வேலிக்குள் குதிரை

குதிரையை அடித்து மடக்காமல், அதன் சுபாவத்தை அறிந்து இணக்கத்தோடு பழக்கவேண்டும் என்னும் கொள்கை, அமெரிக்காவின் மேற்குப் பிரதேசங்களில் டாம் டொரன்ஸ், ரே ஹன்ட் முதலியோரிடம் உருப்பெற்று, மான்டி ராபர்ட்ஸ், பாட் பரெல்லி போன்றவர்களால் பிற தேசங்களிலும் பிரசித்தி அடைந்தது. கோபத்தோடு குதிரையை அணுகலாகாது என்று கிரேக்கப் படைத்தலைவர் ஜெனோபன் 2,300 ஆண்டுகளுக்கும் முன்பே எழுதியிருப்பதால், இதன் வேர் மிகப் பழையது என்றும் சொல்லலாம். கலிபோர்னியாவில் இம்முறையைக் கைக்கொண்டவர்களிடமும், பின்னர் அதை மறுப்பவர்களிடமும் வேலை பழகியவன் என்ற முறையில், என் அபிப்பிராயத்தை எழுதுகிறேன்.

விவாதம் முழுவதும் வட்ட வேலியைச் சுற்றியே நடக்கிறது. தப்பியோட மூலையற்ற அவ்வடைப்பில் பயிற்சியாளர் குதிரையை விரட்ட, அது ஓடி ஓடி, ஒரு காதை அவர்பால் திருப்பி, தலையைத் தாழ்த்தி, வாயை மெல்லத் தொடங்கும் தருணத்தில் அவர் முதுகைத் திருப்பிக்கொள்வார். குதிரை பின்னால் வந்து நிற்கும். இது சிநேகம், தலைமையை மனமுவந்து ஏற்றல் என்பர் ஆதரிப்போர். விரட்டல் ஓய்ந்த நிம்மதியன்றி வேறில்லை என்பர் மறுப்போர். வட்டத்துள் பின்தொடர்ந்த குதிரைகள் மேய்ச்சல் நிலத்தில் பெரும்பாலும் அங்ஙனம் செய்யவில்லை என்று கான்ஸ்டான்சே க்ரூகர் 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சி மறுப்போர் பக்கம் நிற்கிறது, நானும் அப்பக்கமே. நிர்ப்பந்தத்துக்குச் சிநேகம் என்று பெயர் சூட்டுவது அந்தப் பிராணிக்குச் செய்யும் அநீதி.

ஆயினும் இம்முறையோர் எனக்குக் கற்பித்த ஒன்றை நான் கைவிடேன். கயிற்றை இழுத்து முன்னே அழைக்கும்போது, குதிரை காலெடுத்து வைக்கும்வரை காத்திராமல், உடற்பாரம் முன்னோக்கிச் சாயும் அந்த க்ஷணத்திலேயே கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். பின்வாங்கும்போது தளர்த்தினாலோ, பின்வாங்கவே கற்பித்தவராவோம். கயிற்றால் முடையப்பட்ட மெல்லிய தலைக்கட்டு, அகன்ற தோற்கட்டைவிட மூக்குத்தண்டை அதிகமாக அழுத்துவதால், அதைப் பூட்டியவர் கை இன்னும் இலேசாயிருத்தல் அவசியம். தீனி கொடுத்துப் பழக்குவோரிடமும் கற்க உண்டு: ஊசிக்கு அஞ்சும் குதிரைக்கு அவர்கள் வழியே நல்லது, ஆனால் முகத்தை நம் சட்டைப்பையினின்று அப்பால் திருப்பிய பிறகே காரட்டைத் தரவேண்டும், இல்லையேல் கடிக்கும் வழக்கம் வந்துவிடும்.

எந்த முறையாயினும், அசைவற்று நிற்கும் குதிரையைக் கண்டு உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். காதுகள் ஆடாமல், கண்கள் ஒளியிழந்து, பக்கத்தில் நடப்பதைக்கூடக் கவனியாது நிற்பது சாந்தமன்று. முயன்று பயனில்லையெனச் சோர்ந்த நிலை. ஆகவே நான் குதிரையைப் புல்வெளியில் அவிழ்த்துவிட்டு, மறுநாள் தலைக்கட்டோடு சென்று, என்னைக் கண்டதும் அது நெருங்குகிறதா, விலகுகிறதா என்று பார்ப்பது வழக்கம். விலகினால் அன்றைய பாடத்தை நிறுத்திவிட்டு, சேணம் தோளை நெருக்குகிறதா, முதுகில் நோவு உண்டா, பற்களின் கூர்விளிம்பு கன்னத்தைக் கிழிக்கிறதா, குளம்பு சூடேறியிருக்கிறதா என்று முதலில் பரிசோதிப்பேன்.