வாடகைக்கு விட ஃப்ளாட் வாங்கப் போகிறீர்களா?

புதுச்சேரி கோரிமேட்டில் அடுக்குமாடி வீடுகள் வாங்கி வாடகைக்கு விட்டு வருகிறேன். கொரோனாவுக்கு முன்பும் பின்பும் இந்த ஏரியாவைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: லேப்டாப்போடு வருபவரை மட்டும் நம்பி ஃப்ளாட் வாங்காதீர்கள். டியூட்டிக்கு நடந்து போகிறவரை நம்பி வாங்குங்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் சென்னை ஓ.எம்.ஆரிலும் பெங்களூரிலும் இருந்த ஐ.டி. பிள்ளைகள் ஊர் திரும்பினார்கள். இங்கே வீடு கேட்டு வந்தவர்களைப் பார்த்து, இனி எல்லாமே வீட்டிலிருந்துதான் என்று பலர் கணக்குப் போட்டார்கள். 2023 அக்டோபரிலிருந்து டி.சி.எஸ். வாரம் ஐந்து நாளும் அலுவலகம் வரச் சொன்னது. 2025 ஜனவரியிலிருந்து அமேசானும் அதையே கட்டாயமாக்கியது. இப்படி ஒரு மெயில் வந்தால் அடுத்த மாதமே வீடு காலி.

இங்குள்ள ஜிப்மர் மருத்துவமனை அப்படியல்ல. ரெசிடென்ட் டாக்டர், ஸ்டாஃப் நர்ஸ், லேப் டெக்னீஷியன் எல்லோரும் நேரில் வந்தே ஆக வேண்டும். கோரிமேட்டு வாடகைக்கு அஸ்திவாரம் அவர்கள்தான்.

அதற்காக வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களை ஒதுக்க வேண்டாம். இரண்டு தரப்புக்கும் பொருந்தும் வீடாகப் பாருங்கள். இரவு டியூட்டி முடித்துப் பகலில் தூங்கும் நர்ஸுக்கும், பகல் முழுக்க மீட்டிங்கில் இருப்பவருக்கும் வேண்டியது ஒன்றே: கதவைச் சாத்தினால் சத்தம் வராத அறை. திண்டிவனம் சாலையைப் பார்த்த பால்கனி அழகுதான்; ஆனால் பஸ் ஹாரன் ஓயாது. பின்பக்க ஃப்ளாட்டையே நான் தேர்ந்தெடுப்பேன். இப்போது வீடு பார்க்க வருபவர்கள் சமையலறைக்குள் நுழையும் முன்பே மூலைக்கு மூலை மொபைலை நீட்டி சிக்னல் பார்க்கிறார்கள். ஃபைபர் இணைப்பு, இன்வெர்ட்டருக்குத் தனி வயரிங், மேசை போடும் இடத்தில் பிளக் பாயின்ட் இவற்றை முதலிலேயே செய்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் இரண்டு மாத முன்னறிவிப்பைக் கட்டாயம் எழுதுங்கள்.

அடுத்தது எல்லை. கோரிமேட்டைத் தாண்டினால் பட்டானூர், தமிழ்நாடு. விளம்பரத்தில் இரண்டுமே ‘ஜிப்மர் அருகில்’தான். ஆனால் பத்திரப் பதிவு, கட்டட அனுமதி, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை (ரெரா) பதிவு, மின்கட்டணம் எல்லாம் வேறு வேறு அரசு. எந்தப் பக்கம் என்பதைப் பத்திரத்தில் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்து அலுவலகத்திலேயே வில்லங்கம் போட்டுப் பாருங்கள். விலையை கார்பெட் ஏரியாவுக்குக் கணக்கிடுங்கள். கட்டட நிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குப் பொதுவாக 5 சதவீதம் உண்டு.

கடைசியாகக் கணக்கு. உதாரணத்துக்கு, 60 லட்ச ரூபாய் ஃப்ளாட்டுக்கு மாதம் 16,000 வாடகை என்று வையுங்கள். ஒரு மாதம் காலியாக இருந்தால் வருடத்துக்கு 1,76,000. வீட்டு வரி, பெயின்ட், பிளம்பிங் என்று 30,000 கழித்தால் மிச்சம் 1,46,000. நூற்றுக்கு இரண்டரை ரூபாய்கூட இல்லை. வீட்டுக்கடன் வட்டி இதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு.

ஆகவே வாடகையை வைத்தே தவணை கட்டிவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஆறு மாதம் வீடு பூட்டிக் கிடந்தாலும் தவணை கட்ட முடியும் என்றால் மட்டும் முன்பணம் கொடுங்கள்.