கழுவாத புகைப்படம்



சென்ற ஆண்டு மாற்றலாகிச் சென்ற சிஸ்டர் அவர்களுடன் எங்கள் வகுப்பு ஒரு குழுப்படம் எடுத்துக்கொண்டது. சிஸ்டர் முன்னால் வெயிலில் அமர, நாங்கள் பின்னால் மரநிழலில் நின்றோம். படத்தில் சிஸ்டரின் வெள்ளுடை பளிச்சென்று இருந்தது. எங்கள் முகங்களோ இருளில் மூழ்கியிருந்தன! கணினியில் வெளிச்சத்தைக் கூட்டினால் முகங்கள் திட்டுத்திட்டாகத் தெரிந்தனவே தவிரத் தெளியவில்லை. "ராவாக எடுத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம்" என்றார் படக்காரர். 'ரா' என்றால் என்ன? நாங்கள் அறிந்ததைக் கூறுகிறோம்.

பிலிம் காமிராவில் பிலிமைக் கழுவி நெகடிவ் எடுப்பார்கள். டிஜிட்டல் காமிராவில் பிலிமுக்குப் பதிலாக ஒளியை உணரும் சென்சார் உள்ளது. 1975-இல் கோடாக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் காமிராவில் 10,000 புள்ளிகளே இருந்தன. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 விநாடிகள் ஆயின!

சென்சாருக்கு நிறம் தெரியாது. ஒளியின் அளவு மட்டுமே தெரியும். ஆகவே ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு வண்ண வடிகட்டி உண்டு. நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். இவ்வமைப்புக்கு 1976-இல் காப்புரிமை பெற்றவர் பிரைஸ் பேயர். ஒவ்வொரு புள்ளியிலும் விடுபட்ட நிறங்களை அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கணக்கிடுகிறார்கள்.

சென்சார் அளந்ததைப் பெரும்பாலும் அப்படியே சேமிப்பதே ரா கோப்பு. ஜேபெக் கோப்பிலோ, காமிராவே நிறத்தையும் வெளிச்சத்தையும் முடிவு செய்து, மிச்சத்தை எறிந்துவிடுகிறது. ஜேபெக்கில் ஒரு நிறத்திற்கு 256 படிநிலைகள். 14 பிட் ராவிலோ 16,384! இருளில் மறைந்த நுண்ணிய வேறுபாடுகளும் அதில் தங்கியிருக்கும். மாவில் உப்புக் குறைந்தால் சேர்க்கலாம். சுட்ட தோசையில் சேர்க்க முடியுமா?

ஆயினும் ராவிலும் குறைகள் உண்டு. கோப்பு பெரியது, கணினியில் பக்குவப்படுத்த நேரமாகும். நிறுவனத்துக்கு நிறுவனம் அதன் வகை வேறு. ஒளி மிகுந்து முற்றும் வெளுத்துப்போன இடத்தை ராவாலும் மீட்க இயலாது. ஆகவே எடுக்கும்போதே கவனம் தேவை.

இவ்வாண்டு விழாவுக்குச் சிஸ்டர் வருகிறார்கள். அதே மரத்தடியில், இம்முறை எல்லோரும் நிழலில் நின்று, ராவாகவே எடுக்கச் சொல்லியிருக்கிறோம். எங்கள் முகங்களும் தெரியும் படம் ஒன்று சிஸ்டரின் கையில் இருக்க வேண்டுமல்லவா?

— பத்தாம் வகுப்பு மாணவி