ஆகாய கங்கையில் குளிக்கப் போறீங்களா? முதலில் படிகளை எண்ணுங்கள்!

"லீவு விட்டாச்சுப்பா... எங்கேயாவது கூட்டிட்டுப் போங்க!"

பிள்ளைகள் ஆரம்பித்தால் ஓய மாட்டார்கள். கடலுக்குப் போகலாம் என்றால் தூரம். குற்றாலம் என்றால் கூட்டம். நாமக்கல், சேலம், திருச்சிப் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது கொல்லிமலை. காலையில் கிளம்பினால் ஆகாய கங்கை அருவியில் ஒரு குளியல் போட்டுவிட்டு ராத்திரி வீடு திரும்பிடலாம் என்று கணக்குப் போடுவார்கள்.

இந்தக் கணக்கில்தான் முதல் தப்பு இருக்கிறது.

கைடு, ஏஜென்ட் என்று யாரும் இல்லாமல் குடும்பமாக நாமே போய் வரக்கூடிய இடம்தான் கொல்லிமலை. பஸ் உண்டு, ரோடு நன்றாக இருக்கிறது, சாப்பாடு கிடைக்கும். ஆனால் கைடு இல்லை என்றால் அந்த வேலையை வீட்டில் ஒருத்தர் செய்தாக வேண்டும். இந்தப் பாடம் அந்த ஒருத்தருக்குத்தான். அனேகமாக அது அம்மாவாகத்தான் இருக்கும்!

தலைகீழ் மலை

மற்ற மலைக்கோயில்களில் முதலில் ஏறுகிறோம், பிறகு இறங்குகிறோம். மூச்சு வாங்கினால் பாதியிலேயே திரும்பி விடலாம். இறக்கம் நம்மைக் கீழே கொண்டுவந்து சேர்த்துவிடும். ஆகாய கங்கையில் எல்லாம் தலைகீழ். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால்தான் அருவி. இறங்கும்போது எல்லோரும் ராஜா! பாட்டிகூட, "இதென்னடா பிரமாதம்?" என்பார். குளித்து, பசித்து, கால் தளர்ந்த பிறகுதான் ஏற்றம் ஆரம்பிக்கிறது. பாதியில் "என்னால முடியலை" என்று சொன்னால் திரும்ப வழியில்லை. ஏறித்தான் ஆக வேண்டும்.

எவ்வளவு ஏற்றம் என்று ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். ஒரு படி அரை அடி உயரம் என்று வைத்துக்கொண்டால், 1000 படிக்கு 500 அடி. ஒரு மாடி 10 அடி என்றால் 50 மாடி! லிப்ட் இல்லாத 50 மாடிக் கட்டடத்துக்கு உங்கள் மாமியாரை ஏறச் சொல்வீர்களா?

இதற்கு வீட்டிலேயே ஒரு பரீட்சை வைத்துவிடலாம். சுமார் 60 படிகளை நிற்காமல் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிமிஷத்துக்குள் ஏறிவிட்டால் இதயம் நல்ல தெம்பாக இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் ஆகிறதென்றால் பயணத்துக்கு முன்னால் டாக்டரைப் பார்ப்பது நல்லது. ஏறும்போது நெஞ்சில் அழுத்தம், தாடையிலோ இடது கையிலோ வலி, தலைசுற்றல் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அவருக்கு அருவி வேண்டாம். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர், நிறைமாத கர்ப்பிணி, இவர்களுக்கெல்லாம் பரீட்சையே தேவையில்லை. மேலேயே இருந்து கோயிலைப் பார்க்கட்டும். அறப்பளீஸ்வரர் கோயில் பழமையானது, அமைதியான இடம், பொழுது போவதே தெரியாது. "அம்மாவை மட்டும் விட்டுட்டுப் போறதா?" என்று பிள்ளைகள் தயங்கினால், ஒருவர் துணைக்கு இருங்கள். முறை வைத்துப் போய்க் குளித்துவிட்டு வாருங்கள்.

மூட்டு வலிக்காரர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி. படி இறங்கும்போது முழங்கால் மூட்டில் உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேல் பாரம் விழுகிறது. எழுபது கிலோ ஆள் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கைத்தடி, நல்ல பிடிப்புள்ள செருப்பு, பத்துப் படிக்கு ஒரு நிறுத்தம். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே தினமும் படியேறி இறங்கிப் பழகுவது தைலத்தைவிட நல்ல மருந்து.

எழுபது வளைவும் ஒரு வயிறும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். இருபதாவது வளைவில் கடைக்குட்டி மௌனமாகும். முப்பதில் முகம் வெளுக்கும். அப்புறம் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை!

காதுக்குள் நம் உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் உறுப்பு "நாம் சுற்றுகிறோம்" என்கிறது. முன் ஸீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ "இல்லையே, உட்கார்ந்துதானே இருக்கிறோம்" என்கிறது. இந்தச் சண்டையில் மூளை குழம்பிப் போவதன் விளைவுதான் வாந்தி. அதனால் செல்போனைப் பிடுங்கி வையுங்கள், புத்தகம் வேண்டாம், ஜன்னல் வழியாகத் தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். முன் பக்கம் உட்கார்ந்தால் குலுக்கல் குறைவு. வெறும் வயிறும் கூடாது, வயிறு முட்ட பூரி மசாலாவும் கூடாது. இரண்டு இட்லி போதும். ஒரு வேடிக்கை: இரண்டு வயதுக்குக் கீழே இருக்கிற குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இந்தத் தொல்லை வருவதில்லை. பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள்.

மாத்திரை தருவதாக இருந்தால் டாக்டரிடம் கேட்டு, வளைவு ஆரம்பிப்பதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். வாந்தி வந்த பிறகு கொடுத்தால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். இந்த மாத்திரைகள் தூக்கத்தை வரவழைக்கும். வண்டி ஓட்டுகிறவர் தொடவே கூடாது.

வளைவையும் படியையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்பதுதான் என் முதல் யோசனை. கொல்லிமலையில் குண்டூர் நாடு, வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு என்று 14 நாடுகள். நாடு என்றதும் பயந்துவிடாதீர்கள், ஒவ்வொன்றும் சில ஊர்கள் சேர்ந்த ஒரு பகுதி. குண்டூர் நாட்டிலோ செம்மேட்டிலோ தெரிந்தவர் வீடோ விடுதியோ கிடைத்தால் முதல் நாள் சாயங்காலமே ஏறி, மிளகு ரசமும் சுடு சோறுமாகச் சாப்பிட்டுத் தூங்கிவிடுங்கள். மலை 1000 முதல் 1300 மீட்டர் உயரம். அடிவாரத்தைவிட ஆறேழு டிகிரி குளிர்ச்சி. ஒரு ஸ்வெட்டர் வேண்டும். செம்மேட்டிலிருந்து அருவிப் பக்கம் சுமார் 15 கிலோ மீட்டர்தான். காலையில் நிதானமாகக் கிளம்பினால் போதும்.

அன்றைய டைம் டேபிள்

ஒன்பது மணிக்கு முதல் படியில் கால் வைக்க வேண்டும். இறங்க முக்கால் மணி, குளிக்க அரை மணி, ஏற ஒன்றரை மணி. வழியில் உட்கார்ந்து மூச்சு வாங்க இன்னும் கொஞ்சம். உச்சி வெயிலுக்கு மேலே வந்து சேர்ந்துவிடலாம். சாப்பிட்டுவிட்டு மதியம் இரண்டு மணிக்கு இறங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வயிறு நிறைய சோறு, அதன் மேல் 50 மாடி ஏற்றம், மலையில் சாயங்காலம் திரளும் மேகம் வேறே.

ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும். பார்க்க வேண்டிய விழாதான். ஆனால் அன்றைக்குக் குழந்தைகளோடு இந்தப் படிகளில் இறங்குவது வேண்டாம். நெருக்கடியில் உங்கள் வேகத்துக்கு நிற்க முடியாது. கோடையில் தண்ணீர் நூலாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பயங்கரமாக இருக்கும். மழை ஓய்ந்த மார்கழி, தை தோதான காலம்.

பையில் என்ன? ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், இரண்டு பாக்கெட் ஓ.ஆர்.எஸ்., கடலை மிட்டாய், மாற்றுத் துணி, டவல், பிளாஸ்திரி, சின்னப் பொட்டலம் உப்பு. உப்பு எதற்கு? மழை ஈரத்தில் அட்டை ஒட்டிக்கொண்டால் பிடுங்காமல் உப்பைத் தூவ, தானே விழும். கொஞ்ச நேரம் ரத்தம் கசியும், பயப்பட வேண்டாம். கையில் தின்பண்டப் பை தொங்கக் கூடாது. குரங்கு பறிக்கும். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே வெறிநோய்த் தடுப்பூசிக்கு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். குரங்குக் கடிதானே என்று விடக் கூடாது.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இன்சுலினோ மாத்திரையோ போட்டுக்கொண்டு படியேறினால் சர்க்கரை மளமளவென்று இறங்கும். பாதியில் வியர்த்து, கை நடுங்கினால் அது களைப்பு அல்ல. உடனே மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் உட்கார வையுங்கள். செருப்பைக் கழற்றிப் பாறையில் நடக்கவே வேண்டாம். உணர்ச்சி குறைந்த காலில் வெட்டுப்பட்டால் ராத்திரிதான் தெரியும்.

இன்னொன்று, பெண்கள் வெளியே சொல்லாத விஷயம். கீழே பாத்ரூம் வசதி இருக்காதே என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். பிரஷர் மாத்திரையையும் அன்றைக்கு நிறுத்திவிடுவார்கள், "அது போட்டா அடிக்கடி போகணுமே" என்று. இரண்டும் சேர்ந்தால் ஏற்றத்தில் மயக்கம்தான். மாத்திரை நேரத்தை எப்படி மாற்றிக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தண்ணீருக்கு முன்னால் ஐந்து நிமிஷம்

அருவிக்கு வந்தவுடன் ஓடிப் போய்த் தலையைக் கொடுக்காதீர்கள். ஐந்து நிமிஷம் உட்காருங்கள். வியர்வை அடங்கட்டும், அருவியையும் கவனியுங்கள். ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. தண்ணீர் சிதறிச் சாரலாக வரும் இடம் குளிக்க, நேராகக் கொட்டும் இடம் பார்க்க. தண்ணீரோடு ஒரு கூழாங்கல் உருண்டு விழுந்தால் பஸ் வேகத்தைவிட அதிக வேகத்தில் தலையில் இறங்கும்.

முதலில் கால், பிறகு கை, முகம், கடைசியில் தலை. குளிர்ந்த நீர் திடீரென்று பட்டால் மூச்சு தானாகவே இழுத்து வாங்கும், நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். அந்த நேரம் முகம் தண்ணீருக்குள் இருந்தால் ஆபத்து.

குழந்தை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில். கண்ணுக்கெட்டும் தூரம் போதாது. அருவிச் சத்தத்தில் கூப்பிட்ட குரல் கேட்காது. யார் எந்தக் குழந்தைக்குப் பொறுப்பு என்று மேலேயே முடிவு செய்துவிடுங்கள். "நீ பார்த்துக்கறேன்னு நினைச்சேன்" என்ற வாக்கியத்தைக் கீழே யாரும் சொல்லக் கூடாது.

இனி, முக்கியமான விஷயம். 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலம் அருவியில் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். நாம் குளிக்கும் இடத்தில் மழை பெய்ய வேண்டும் என்பதில்லை. மலைமேல் எங்கோ பெய்தால் போதும், அது அருவிக்கு வந்து சேரும். சுத்தமாக இருந்த தண்ணீர் கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, சத்தம் மாறுவது, நனையாமல் இருந்த கல் நனைவது... இதில் ஒன்றைப் பார்த்தாலும் துணி, செருப்பு, போன் எதையும் எடுக்காமல் உயரமான பக்கம் ஏறிவிட வேண்டும். வனத்துறையினர் அருவியை மூடியிருந்தால் வாதாட வேண்டாம். "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்பது காரணமே அல்ல.

யாராவது தண்ணீரில் தத்தளித்தால் நீங்கள் குதிக்காதீர்கள். வேட்டி, துப்பட்டா, கைத்தடி, எது கிடைத்தாலும் நீட்டுங்கள். வெளியே எடுத்தபின் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது இரண்டும் தப்பு. மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதிவிட்டு, நெஞ்சு நடுவில் அமுக்கத் தொடங்குங்கள். 30 அமுக்கு, 2 மூச்சு. ஒருவர் 108-க்குச் சொல்ல மேலே ஓட வேண்டியிருக்கும். பள்ளத்தில் சிக்னலை நம்ப முடியாது. செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது.

ஏறும்போது பேச்சுதான் உங்கள் மீட்டர். ஏறிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. மூன்று வார்த்தைக்கு மூச்சு முட்டினால் உட்காருங்கள். கூட்டத்திலேயே மெதுவாக நடக்கிறவரை முன்னால் விடுங்கள். பின்னால் விட்டால் நாம் காத்திருந்து அவர் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவோம், அவருக்கு ஓய்வே கிடைக்காது.

மேலே வந்தால் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்பார்கள். "ஒரு டம்ளர் குடிச்சா மூட்டு வலி பறந்துடும்" என்பார்கள். மூட்டு வலி பறக்குமோ என்னவோ, சூடும் மிளகும் உப்புமாக அந்த நேரத்துக்கு அமிர்தம். ஆனால் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையை நிறுத்த அது காரணமாகக் கூடாது. வழியில் சோளக்காட்டில் பலாவும் வாழையும் குவிந்திருக்கும். வாங்குங்கள், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள். 70 வளைவும் இன்னும் பாக்கி இருக்கிறதே!

மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடை வலிக்கும். இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டபடியே பாரம் தாங்கியதால் வருவது இது. வெந்நீர் ஒத்தடமும் மெதுவான நடையும் போதும், நாலைந்து நாளில் சரியாகிவிடும். சிறுநீர் கறுத்து டீ டிகாஷன் மாதிரி போனால் மட்டும் உடனே டாக்டரிடம் போங்கள். ஊர் திரும்பி இரண்டு மூன்று வாரத்துக்குள் யாருக்காவது குளிர் ஜுரம், கண் சிவப்பு, கெண்டைக்கால் வலி வந்தால், அல்லது உடம்பில் எங்காவது சிகரெட் சுட்டது போலக் கறுத்த புண் தெரிந்தால், எலிக்காய்ச்சலோ உண்ணிக் காய்ச்சலோ இருக்கலாம். டாக்டரிடம் போனதும் "கொல்லிமலை போயிருந்தோம், அருவியில் குளித்தோம்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவராகக் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.