முள்சீத்தாவும் பதினாயிரம் மடங்கும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், ஐந்தருவிக்குப் போகும் வழியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் துரியனும் குவிந்திருக்கும் கடைகளில் முள்சீத்தாவும் ஒரு மூலையில் வீற்றிருக்கக் காணலாம்; மற்றப் பழங்களை ருசிக்காக வாங்கும் ஜனங்கள், இதை மட்டும் புற்றுநோய்க்கு ஔஷதமென்று கருதி, வியாதியுற்ற உறவினர் யாரையோ மனத்தில் வைத்துக்கொண்டு, பேரம் பேசாமல் வாங்கிப் போகிறார்கள். பொதிகையின் அடிவாரத்தில் கிடைப்பதால் இதைச் சித்தர் கண்ட மூலிகையென்று எண்ணுவோரும் உண்டு. இதன் பூர்வீகமோ வெப்பமண்டல அமெரிக்கா.

கீமோதெரபியைவிடப் பதினாயிரம் மடங்கு வீரியமுள்ளது என்பதே இக்கனியைப் பற்றிய பிரசித்தமான நம்பிக்கை. அந்த எண் கற்பனையன்று. 1996-ல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட கட்டுரையில் அது மெய்யாகவே இருக்கிறது. ஆனால் அவர்கள் சோதித்தது பழத்தையன்று. நாம் துப்பிவிடும் விதையிலிருந்து பிரித்தெடுத்த, அசிட்டோஜெனின் வகையைச் சேர்ந்த ஒரு பொருளை. அதையும் நோயாளிக்குக் கொடுக்கவில்லை. கண்ணாடிக் கலத்தில் வளர்த்த ஒருவகைப் பெருங்குடற் புற்றணுக்களின்மேல் இட்டு, அட்ரியாமைசின் என்னும் மருந்தோடு ஒப்பிட்டார்கள். அக்கலத்தில் போதுமான சாராயத்தை ஊற்றினாலும் புற்றணுக்கள் மடியும்; அதைக்கொண்டு சாராயத்தை மருந்தென்பார் இல்லை.

அசிட்டோஜெனின்கள் அணுவுக்குள் சக்தி பிறக்கும் மைட்டோகாண்ட்ரியாவை முடக்குகின்றன. நரம்பணுவுக்கும் அச்சக்தியே ஜீவாதாரம் என்பதுதான் இங்கே சங்கடம். கரீபியக் கடலிலுள்ள குவாதலூப் தீவில், வழக்கமான சிகிச்சைக்கு இணங்காத பார்க்கின்சன் போன்ற வாதநோய் மிகுந்திருப்பதை ஆராய்ந்த மருத்துவர்கள், அதற்கும் இக்கனியையும் இலைக் கஷாயத்தையும் மிகுதியாக உட்கொள்வதற்கும் தொடர்பிருக்கலாமென்று 1999-ல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். அது முடிந்த தீர்ப்பன்று. ஆயினும் இக்கனியிலுள்ள அன்னோனாசின் என்னும் அசிட்டோஜெனினை எலிகளுக்குச் செலுத்தியபோது மூளை நரம்பணுக்கள் அழிந்தது பரிசோதனையில் கண்டது. ஆசைக்கு ஒரு பழம் தின்பவரோடு எனக்கு வழக்கில்லை. நாள்தோறும் இலையைக் காய்ச்சிக் குடிப்பவரைப் பற்றியே கவலை.

“மூலிகை மலிவு என்பதால் மருந்துக் கம்பெனிகள் உண்மையை மறைத்துவிட்டன” என்ற வாதத்துக்கு நம் மலைத்தொடரே மறுமொழி சொல்கிறது. சீன மரமொன்றிலிருந்து 1966-ல் அமெரிக்காவில் வால், வானி என்னும் ரசாயனிகள் கண்டறிந்த காம்ப்டோதெசின் என்னும் புற்றெதிர்ப்புப் பொருள், மேற்குத் தொடர்ச்சி மலையின் மாப்பியா ஃபோயெட்டிடா மரத்தில் தாராளமாக இருப்பதை 1972-ல் வெளியிட்டவர்கள், சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராயிருந்து பம்பாய் சீபா ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்ற டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடைய சகாவான விசுவநாதனும். அப்பொருளை நோயாளிகளுக்குக் கொடுத்தபோது சிறுநீர்ப்பை புண்ணாகி ரத்தம் கசிந்தமையால் சோதனை நின்றது. பிறகு ரசாயனிகள் அதன் அமைப்பை மாற்றி மாற்றி உருவாக்கிய டோப்போடீக்கனும் இரினோடீக்கனும் 1996-லேதான் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. இரினோடீக்கன் இன்று பெருங்குடற் புற்றுக்கே வழங்கப்படுகிறது. மறைக்கப்பட்ட ரகசியம் எதுவும் இதில் இல்லை. முப்பது வருஷ உழைப்பு இருக்கிறது.

நம் தென்மாவட்டங்களில் மானாவாரியாகப் பயிராகும் நித்தியகல்யாணியின் கதையும் அன்னதே. குழந்தைகளின் ரத்தப் புற்றைக் குணப்படுத்த உதவும் வின்கிரிஸ்டின் அதன் இலையிலிருந்து வருகிறது; வயதுவந்தவருக்குங்கூட ஒரு வேளைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேல் போகாமல், ரத்தக்குழாய் வழியாக மட்டுமே ஏற்றுகிறார்கள், ஏனெனில் அளவு மிஞ்சினால் நரம்புகள் கெடும். ஒரு பிடி இலையைக் காய்ச்சிய கஷாயத்தில் அது எத்தனை மில்லிகிராம் இறங்கியிருக்கிறதென்று அடுப்படியில் யாரும் அளந்து சொல்ல இயலாது.