கம்பியிலிருந்து உருவாதீர்கள்

பழைய கடுதாசிகளை வைத்து வம்சக் கதை தேடப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: அவை குத்தியிருக்கும் கம்பியைத் தொடாதீர்கள். உங்கள் வீட்டு விட்டத்திலும் தொங்கும், அடியில் கட்டை செருகிய வளைந்த கம்பி. முதலில் வந்தது அடியில், கடைசியாக வந்தது மேலே. அந்த அடுக்குதான் காலக்கணக்கு.

செஞ்சியில் எங்கள் ஓட்டு வீட்டை இடித்தபோது பெரியப்பா மகன் அத்தனையையும் உருவி உரச் சாக்கில் திணித்துவிட்டார். உறைகளிலிருந்த தபால்தலைகளை அவர் பிள்ளைகள் முன்பே வெட்டியிருந்தார்கள். மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போன தாத்தா நாலு வருஷம் குடும்பத்தை மறந்து இன்னொருத்தியோடு இருந்தார் என்பது பெரியப்பா வீட்டுப் பேச்சு. அடுக்கு கலையாமல் இருந்திருந்தால் அன்றைக்கே வாயை அடைத்திருக்கலாம். ஆயா அதைக் கேட்டுக்கொண்டே செத்தாள்.

தாத்தாவுக்கு எழுதத் தெரியாது; தோட்டத்தில் யார் கிடைத்தார்களோ அவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் கையெழுத்தை நம்பி அடுக்காதீர்கள். பெரும்பாலும் மாசமும் தேதியும்தான் இருக்கும். தமிழ் வருஷப் பெயர் இருந்தாலும் அறுபது வருஷச் சுற்றைப் பாருங்கள். தாது என்றதும் 1876 பஞ்சம் நினைவுக்கு வரும்; எங்களுடையது 1936-இல் வந்த தாது. துளையைச் சுற்றிய துருக்கறை அடுத்த தாளின் கறையோடு பொருந்துகிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தேன். சில ஜோடிகள் அப்படித்தான் சேர்ந்தன.

விஷு வருஷம் ஐப்பசிக் கடுதாசியோடு பேச்சு நிற்கிறது. அது 1941. அடுத்த பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. 1945 வரை மலாயா ஜப்பான்காரன் கையில். தோட்டத் தமிழர்களைச் சயாம்–பர்மா ரயில் பாதைக்குப் பிடித்துப் போனார்கள், ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அப்போது தபால் ஏது? வெறும் 'மாசி 10' என்றிருந்த ஒரு கடுதாசியின் உறையில் மட்டும் தலை தப்பியிருந்தது. ஆறாம் ஜார்ஜ் முகத்தின் மேல் 'பி.எம்.ஏ. மலாயா' என்று அச்சு. ஜப்பான் சரணடைந்த பிறகு வந்த பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகத்தின் தலை அது. உள்ளே, உசிரோடு இருப்பதைச் சொன்ன கையோடு, அடகில் கிடக்கும் ஆயாவின் தோட்டை மீட்டாச்சா என்று கேட்டிருந்தார். குடும்பத்தை மறந்தவர் கேட்கிற கேள்வியா அது?

மற்றதெல்லாம் சுலபம். ஒவ்வொன்றையும் படம் எடுங்கள், பின்பக்கம் பென்சிலால் எண் போடுங்கள். நயா பைசா தலை என்றால் 1957-க்குப் பிந்தியது, பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. தென்னாற்காடு மாவட்டம் 1993-இல் பிரிந்தது. ஆனால் வெளிநாட்டு உறவுகள் பழைய முகவரியையே எழுதிக்கொண்டிருப்பார்கள், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். 'கேட்டதாகச் சொல்லவும்' என்று கடைசியில் வரும் பெயர்களைத் தனித்தாளில் எழுதுங்கள். ஒரு பெயர் திடீரென்று நின்றால், அங்கே ஒரு சாவைத் தேடலாம்.

இங்கே இருப்பது வந்த கடுதாசிதான். போனவை மலேசியாவில் உறவுக்காரர் பெட்டியில் இருக்கும், கேட்டு எழுதுங்கள். பெரியப்பா வீட்டிலிருந்து இப்போது அந்த மாசிக் கடுதாசியைக் கேட்கிறார்கள். நகல் கொடுத்திருக்கிறேன். மூலம் என்னிடமே இருக்கும்.