மழைக்கு முன்பே செயல்படுவோம்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஆபத்து கடலோரத்தோடு நிற்கவில்லை. மறுநாள் நம் மாவட்டத் தலைநகர் திருவண்ணாமலையில் மண் சரிந்து, குழந்தைகள் உட்பட 7 பேர் உயிரிழந்தார்கள். ஜவ்வாது மலைக்குத் தென்மேற்கே ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. புயல் கடந்தாலும் மழை அபாயம் கடப்பதில்லை என்பதே இதன் பாடம்.

வானிலை ஆய்வு மையம் தரும் நிறங்களை அறிவோம்:

மஞ்சள்: செய்திகளைக் கவனியுங்கள். கைபேசிக்கு சார்ஜ் ஏற்றுங்கள்.

ஆரஞ்சு: தயாராகுங்கள். ரேஷன் அட்டை, ஆதார், மருந்து, விதைச் சாமை ஆகியவற்றை நனையாமல் கட்டி வையுங்கள். சரிவிலும் ஓடைக்கரையிலும் வசிக்கும் முதியோர், கர்ப்பிணிகள், குழந்தைகளைப் பகலிலேயே பாதுகாப்பான இடத்தில் சேருங்கள். சிவப்பு வரும்வரை காத்திருந்தால் மலைப்பாதை அடைபட்டிருக்கலாம்.

சிவப்பு: 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யலாம். சரிவில் எவரும் தங்க வேண்டாம்.

நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று கண்டால் எந்த நிறத்துக்கும் காத்திராமல் வெளியேறி, 1077-க்குச் சொல்லுங்கள்.

சிக்னல் எட்டாத குடிசைக்கு நாமே நடந்து போய்ச் சொல்வோம். பஞ்சம் வருமுன்பே தானியம் சேமித்த யூசுஃப் நபி (அலை) அவர்களின் வழி அதுவே.